ஹெர்பர்ட் வளர்த்த இருட்டு

அலுவலகத்தில் ஹெர்பர்ட்டைக் கண்டால் கர்னல்கள் நடுங்குவார்கள். பூனாவில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் அவருக்கு வேலை. அதிகாரிகள் அனுப்பும் பயணப்படி பில்களில் 'அனுமதிக்க இயலாது' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவார். எல்லையில் பகைவனை எதிர்த்து நின்ற மார்புகள் எல்லாம் அந்தச் சிவப்பு மைக்கு முன்னால் ஓர் அங்குலம் சுருங்கியதுண்டு.

சாயங்காலம் ஆறு மணிக்கு கேம்ப் பகுதியில் தம் வீட்டுப் படியில் கால் வைத்ததும் அந்தப் பேனாவில் மை தீர்ந்துவிடும்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் மனைவி மில்ட்ரெட்டிடம் அவர் 'முடியாது' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக ஓர் இடைஞ்சலைச் சொல்வார். பிரிஜ் வாங்க வேண்டும் என்றாள். "வாங்கலாமே, ஆனா சமையலறைக் கதவு சின்னதாச்சே" என்றார். மறுநாள் தச்சன் வந்து கதவுச் சட்டத்தைப் பெயர்த்தான். இனி அப்படி லேசான இடைஞ்சலைச் சொல்லக்கூடாது, பெயர்த்தெடுக்க முடியாத இடைஞ்சலாகச் சொல்ல வேண்டும் என்று ஹெர்பர்ட் அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டார்.

எண்பத்தாறாம் வருஷம் புத்தாண்டு கழிந்த வாரம், அந்தத் தீர்மானத்துக்கு வேலை வந்தது.

மில்ட்ரெட் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்போதாவது ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள். அதைப் பார்ப்பதற்காக, உடன் வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தாள். கூட்டம். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. முன்னால் ஒரு பெரிய கொண்டை. கதாநாயகி செத்தாளா பிழைத்தாளா என்பதே கொண்டைக்குப் பின்னால் நடந்து முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, டி.வி. வாங்கப் போறேன்."

'வாங்கலாமா' இல்லை. 'போறேன்.' அவளும் சம்பாதிப்பவள். பணத்தைக் காரணம் காட்ட வழியில்லை.

ஹெர்பர்ட் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்தார். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து சாயங்காலம்தான். சாய்வு நாற்காலி, செய்திப் பத்திரிகை, சத்தமில்லாத இரண்டு மணி நேரம். போசரியில் இருக்கும் மைத்துனன் ஜேசுராஜ் வீட்டில் டி.வி. வந்த பிறகு ஒருநாள் போயிருந்தார். வீடு முழுக்க ஒரே வரிசையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் யாரும் அவரிடம் பேசவில்லை. கிளம்பும்போது அவருக்கு வணக்கம் சொன்னது, செய்தி வாசித்து முடித்த பெண் ஒருத்திதான்.

"தாராளமா வாங்கலாம் மில்லி" என்றார் பதறாமல். "ஆனா எங்க வைக்க? ஹால்ல மேற்கே பாத்து ரெண்டு ஜன்னல். மத்தியானம் ஆச்சுன்னா வெயில் நேரா உள்ள வந்து உக்காருது. நீ பாக்கப் போறதே மத்தியானப் படம். கண்ணாடியில படமா தெரியும்? நம்ம மூஞ்சிதான் தெரியும்."

சொல்லிவிட்டு மனதுக்குள் தம்மையே தட்டிக்கொடுத்துக்கொண்டார். கதவைப் பெயர்க்கலாம். சூரியனைப் பெயர்க்க முடியுமா?

மில்ட்ரெட் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பூகோள டீச்சர் அல்லவா.

"அந்த மூலை?"

அலமாரிக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவே ஒரு மூலை இருந்தது. பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அங்கே விழுந்த பொருளைத் தடவித்தான் எடுக்க வேண்டும்.

"அந்த மூலையிலயா?" என்றார் ஹெர்பர்ட். யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. ஆனால் வாய் காத்திருக்கவில்லை. "அங்க நான் மீன்தொட்டி வைக்கப் போறேம்லா."

இந்தச் செய்தி அவருக்கே அப்போதுதான் தெரியும்.

"மீன்தொட்டியா? நீங்களா?"

"ரொம்ப நாள் ஆசை. மீனு, உள்ள செடி, எல்லாம்."

"இருட்டுக்குள்ள செடி வளருமாக்கும்?"

"வளத்துக் காட்டுதேன்."

மில்ட்ரெட் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பரீட்சைத் தாளைத் திருத்துகிற பார்வை.

"சரி. ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். அன்னைக்கு அந்தத் தொட்டிக்குள்ள பச்சையா, உசிரோட செடி இருந்தா மூலை உங்களுக்கு. இல்லன்னா தொட்டி வெளிய, டி.வி. உள்ள."

"சம்மதம்" என்றார் ஹெர்பர்ட். கர்னல்களிடம் பேசுகிற குரல் அவருக்கு வீட்டில் வந்தது அன்றுதான்.

பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் இரும்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தொட்டி கிடைத்தது. ஆற்று மணலை ஏழு தண்ணீரில் அலசிப் பரப்பினார். நான்கு கப்பி மீன்கள், இரண்டு கறுப்பு மாலி. கடைக்காரர் ஒரு கட்டு வேலம்பாசி என்ற தண்ணீர்ச் செடியும் கொடுத்தார். ஊன்றி வைத்தார். முதல் நாள் பச்சை வனம். நான்காம் நாள் மஞ்சள். இரண்டாம் வாரம் நார்.

மில்ட்ரெட் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனவள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, சாம்பார்ல போட்ட கீரை மாதிரில்லா கிடக்கு."

ஹெர்பர்ட் அன்று சாம்பார் சாப்பிடவில்லை.

அடுத்த வீட்டில் கோட்போலே இருந்தார். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மில்ட்ரெட்டை 'வஹினி', அதாவது அண்ணி என்று அழைத்து, அவள் போடும் ஏலக்காய் டீக்காகத் தினம் ஒரு காரணம் கண்டுபிடித்து வருவார். அவர் பேசுவது மராத்தி கலந்த இந்தி. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஹெர்பர்ட், இது வெயில் குடித்து வளர்கிற செடி. இதை இருட்டில் வைத்தது நீர் செய்த கொலை."

"அப்ப இருட்டுல வளர்ற செடியே கிடையாதா சாஹேப்?"

"ஏன் இல்லாமல்? காட்டுக்குள் ஓடையில் என்ன, விளக்கா போட்டிருக்கிறது? மேலே மரம் மூடியிருக்கும், கீழே செடி சுகமாக இருக்கும். அப்படிப்பட்ட இனமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிரிப்டோகோரைன் என்று ஒன்று இருக்கிறது. நம் கொங்கண ஓடைகளிலேயே முளைக்கிற உறவுக்காரன். அப்புறம் ஜாவா ஃபெர்ன். இரண்டும் குறைந்த வெளிச்சத்தில் வளரும். ஆனால் மெதுவாக வளரும். உமக்குப் பொறுமை உண்டா?"

"எனக்கா? நான் இருபத்தாறு வருஷமா…" என்று ஆரம்பித்த ஹெர்பர்ட், மில்ட்ரெட் டீயோடு வருவதைப் பார்த்து, "உண்டு" என்று முடித்தார்.

கோட்போலேயின் பழைய மாணவர் ஒருவர் மூலம் செடிகள் வந்தன. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பச்சைக் குழந்தைபோல. ஹெர்பர்ட் ஜாவா ஃபெர்னை அன்போடு மணலுக்குள் கழுத்துவரை புதைத்தார். ஒரு வாரத்தில் தண்டு கறுத்து நாறியது.

கோட்போலே தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, உம்மைக் கழுத்துவரை புதைத்தால் மூச்சு விடுவீரா? இதன் தண்டு மணலுக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரு கல்லில் வைத்து நூலால் கட்டும். அதுவே கல்லைப் பிடித்துக்கொள்ளும்."

நூலுக்கு எங்கே போவது என்று ஹெர்பர்ட் விழிக்கும்போது, மில்ட்ரெட் தையல் பெட்டியைத் திறந்து பச்சை நூல்கண்டை எடுத்து நீட்டினாள். "பச்சைன்னா வெளிய தெரியாது" என்றாள்.

எதிர்க்கட்சியிலிருந்து உதவி! ஹெர்பர்ட்டுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவது அவருடைய தொழில். ஆனால் மனைவி நீட்டுகிற நூலைச் சந்தேகிப்பது எந்த விதியில் இருக்கிறது?

அடுத்த அடி கிரிப்டோகோரைனிடமிருந்து வந்தது. நட்ட பத்தாம் நாள் இலைகள் கண்ணாடிபோல வெளுத்தன. தொட்டால் கையோடு கரைந்தன. மூன்று நாளில் தொட்டிக்குள் வெறும் மணல். ஈஸ்டருக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. ஹெர்பர்ட் சட்டைக் கையை மடித்து, மிச்சமிருந்த வேர்களைப் பிடுங்கி எறியத் தொட்டிக்குள் கையை விட்டார்.

"என்ன செய்யுதீக?"

"எல்லாம் போச்சு மில்லி. நீ ஜெயிச்சுட்ட. உன் டி.வி.யைக் கொண்டு வா."

"கைய எடுங்க முதல்ல. வேர் அழுகிட்டா?"

"வேர் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன என்ன அவசரம்? வேற இடத்துல பிடுங்கி இங்க கொண்டாந்து நட்டா அதுக்குக் கோவம் வராதா? பாளையங்கோட்டையிலேர்ந்து என்னைக் கட்டிக்கிட்டு இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தீகளே, நான் எப்படி இருந்தேன்? முழுசா ஒரு மாசம் சாப்பிடாம கரைஞ்சு போயித்தானே கிடந்தேன்? அப்ப என்னைப் பிடுங்கியா எறிஞ்சீக?"

அந்த யோசனை தமக்கு அப்போது தோன்றவே இல்லையே என்று ஹெர்பர்ட்டுக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது. கையை வெளியே எடுத்தார்.

அவள் சொன்னதுதான் நடந்தது. கோட்போலேயும் அதையே சொன்னார். இடம் மாற்றினால் அந்தச் செடி பழைய இலைகளை எல்லாம் உதறிவிட்டுத்தான் புது இலை விடும். மூன்றாம் வாரம் மணலுக்குள்ளிருந்து ஊசிபோல ஒன்று எட்டிப் பார்த்தது. பழுப்பும் பச்சையுமாக விரிந்தது. ஹெர்பர்ட் அலுவலகத்துக்குப் போகும் முன் ஒருமுறையும், வந்த பின் ஒருமுறையும் குனிந்து கும்பிடாத குறையாகப் பார்த்தார். அந்த வாரம் மூன்று கர்னல்களின் பில்கள் சிவப்பு மை படாமல் தேறின. காரணம் தெரியாமல் ராணுவம் குழம்பியது.

ஆனால் மார்ச் மாதம் பிறந்ததும் சூரியன் திசை மாறிக்கொண்டது. சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக ஒரு கற்றை வெயில் சாய்ந்து வந்து நேராகத் தொட்டியைத் தொட்டது. ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சைக் கஷாயம். இலைகளின்மேல் பாசி, கம்பளி போர்த்தியதுபோல.

"வெளிச்சம் கூடினாலும் வம்பா?" என்று அலறினார் ஹெர்பர்ட்.

"இந்தச் செடி ஆமை. பாசி முயல். வெயில் பட்டால் முயலுக்குத்தான் கொண்டாட்டம்" என்றார் கோட்போலே.

"தொட்டியை மட்டும் ஒரு துணியால மூடினா?"

கோட்போலே வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மில்ட்ரெட் அவர் கோப்பையில் இரண்டாவது தடவை டீ ஊற்றினாள். அவர் ஒரு மடக்கு குடித்தார். கோப்பையைப் பார்த்தார். வஹினியைப் பார்த்தார்.

"அது போதாது" என்றார். "வெயில் ஹாலுக்குள்ளேயே வரக்கூடாது."

"ஜன்னலுக்குப் பர்தா நான் தைச்சுத் தாரேன்" என்றாள் மில்ட்ரெட்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன் அவள் தைத்த பர்தாவை வைத்து ஒரு கூடாரம் போட்டிருக்கலாம். கருநீலத் துணி, உள்ளே இன்னொரு துணி, அதற்கும் உள்ளே பழைய கம்பளி. ஜன்னல்களை மூடியதும் ஹாலில் பகல் காலமாகிவிட்டது. அப்படியும் மில்ட்ரெட்டுக்குத் திருப்தியில்லை.

"என்னங்க, மேல வெண்டிலேட்டர்ல ஒரு கீத்து வெளிச்சம் வருது பாருங்க. செடிக்கு ஆகாதுல்லா?"

ஹெர்பர்ட் ஸ்டூல் போட்டு ஏறிப் பழுப்புத் தாளை ஒட்டினார்.

"கதவுக்கு மேல கண்ணாடி?"

ஒட்டினார்.

"டியூப்லைட் வேண்டாமே. கண்ணக் குத்துது. செடிக்கும் குத்தும்."

கழற்றினார். ஒரு சின்ன பல்பு வந்தது. அதில் பத்திரிகையின் தலைப்புகூடத் தெரியவில்லை. ஹெர்பர்ட் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலுக்குக் குடிபெயர்ந்தார். வெற்றியின் வாசலில் நிற்பவருக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? ஹாலுக்கு அவர் சட்டமே இயற்றினார். பர்தாவை யாரும் விலக்கக்கூடாது, ஜன்னலை யாரும் திறக்கக்கூடாது. வேலைக்கு வருகிற பாத்திமா தூசி தட்ட ஒருநாள் பர்தாவைத் தொட்டுவிட்டாள். அவர் போட்ட சத்தத்தில் அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். மில்ட்ரெட் அவளைத் தேற்றினாள்: "ஐயா சொல்றது நியாயந்தான் பாத்திமா. இனிமே இந்த ஹால் இப்படித்தான்."

பாசி செத்தது. தண்ணீர் பளிங்காயிற்று.

ஈஸ்டர் வந்தது. ஹெர்பர்ட்டின் தொட்டிக்கும் அது உயிர்த்தெழுந்த திருநாள்தான். கிரிப்டோகோரைன் மணலுக்கு அடியில் கொடி ஓட்டி, குஞ்சும் குளுவானுமாகப் பெருகியிருந்தது. ஜாவா ஃபெர்ன் கல்லைக் கவ்விப் பிடித்திருந்தது. அதன் இலை நுனிகளில் குட்டிச் செடிகள் தொங்கின. நடுவில் கப்பிகள் வாலை விசிறிக்கொண்டு திரிந்தன. ஆராதனை முடிந்து கோவில் சனங்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். மில்ட்ரெட் என்றைக்கும் இல்லாமல் இந்த வருஷம் ஊரையே அழைத்திருந்தாள். அந்த இருட்டு மூலையைச் சுற்றி முப்பது தலைகள்.

"அண்ணாச்சி, கைராசி உங்களுக்கு" என்றார் ஒருவர்.

"கொடைக்கானல் மாதிரில்லா இருக்கு" என்றாள் அந்தோணியம்மாள். கோவில் பாடகர் குழுவில் அவள் குரல்தான் பெரிது.

ஹெர்பர்ட் தொண்டையைச் செருமினார். குறைந்த வெளிச்சத்தின் மகிமையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். எந்தச் செடியைத் தேர்வது, எதைப் புதைப்பது, எதைப் புதைக்கக்கூடாது, இலை கரைந்தால் ஏன் கலங்கக்கூடாது. போதகரே வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மில்ட்ரெட் பிரியாணித் தட்டோடு நடுவே வந்தாள். மாணவியைப் போல அடக்கமாகக் கேட்டாள்.

"என்னங்க, இப்ப அந்தப் பர்தாவ எடுத்துட்டா?"

"செடி காலி!"

"ஒருநாள், ரெண்டு நாள் எடுத்தாக்கூடவா?"

"ஒரு மணி நேரம்கூடக் கூடாது. இந்த ஹாலுக்குள்ள இனிமே சூரியனுக்கு வேலையே கிடையாது. நான் இருக்கிற வரைக்கும் இங்க இருட்டுதான்!"

கைதட்டினார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?" என்றாள் மில்ட்ரெட். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "தம்பி, கொண்டா" என்றாள்.

ஜேசுராஜ் உள்ளே வந்தான். அவன் முன்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. பின்னால் கோட்போலே ஒரு நீண்ட அலுமினிய ஆன்டெனாவைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார்.

"வஹினி, மொட்டை மாடியில் கம்பம் தயார். டி.வி. கோபுரம் இருக்கிற சிங்ககட் கோட்டைப் பக்கம் திருப்பிக் கட்டினால் போதும், படம் தெளிவாக வரும்" என்றவர், ஹெர்பர்ட்டின் கண்ணைப் பார்க்காமல் மாடிப்படி ஏறிவிட்டார். கிரிக்கெட் பார்க்க அவருக்கும் ஓர் இடம் தேவையாக இருந்திருக்கிறது.

"மில்லி!" என்றார் ஹெர்பர்ட். "மூலை எனக்குன்னு சொன்னியே!"

"உங்களுக்குத்தான். அத யாரு தொட்டா? நாங்க எதிர்ச் சுவத்துல வைக்கப் போறோம். தம்பி, அந்த சாய்வு நாற்காலிய நகத்திட்டு வை."

"அங்கயா? அங்க மத்தியானம் வெயில்…"

ஹெர்பர்ட் நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். கருநீலத் துணி, உள்ளே இன்னொரு துணி, அதற்கும் உள்ளே கம்பளி. மணி பன்னிரண்டரை. வெளியே பூனா வெயில் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பொட்டு இல்லை. பெயர்க்க முடியாது என்று எந்தச் சூரியனை நம்பியிருந்தாரோ, அதைத் தம் கையாலேயே, ஸ்டூல் போட்டு ஏறி, பழுப்புத் தாள் ஒட்டிப் பெயர்த்திருந்தார்.

"அத்தான், சும்மா சொல்லக்கூடாது. எங்க வீட்டுலகூட இவ்வளவு இருட்டு இல்ல. தியேட்டர் கெட்டுது போங்க" என்றான் ஜேசுராஜ் மனப்பூர்வமாக.

ஹெர்பர்ட் மனைவியைத் தனியாக ஒதுக்கினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. செடி கரைஞ்சு போச்சுன்னு நான் பிடுங்கப் போனேன். விட்டிருந்தா அன்னைக்கே மூலை உனக்குத்தானே? ஏன் தடுத்த?"

"மூலையில வச்சா மூணு பேரு பாக்கலாம். ஹாலே இருட்டா இருந்தா முப்பது பேரு பாக்கலாம்லா" என்றாள் மில்ட்ரெட். "செருப்பு ஸ்டாண்டுகிட்ட உக்காந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நம்ம வீட்டுல யாருக்கும் அப்படி ஆகக்கூடாது."

தாம் எந்த நாளில் தோற்றோம் என்று ஹெர்பர்ட் யோசித்துப் பார்த்தார். பர்தா வந்த அன்றா? வேரைக் காப்பாற்றிய அன்றா? பச்சை நூலை நீட்டிய அன்றா? ஒவ்வொரு நாளும் ஜெயித்த நாளாகத்தான் ஞாபகம் வந்தது. ஜெயித்த நாட்களை எல்லாம் கூட்டினால் தோல்வி வருமா? எந்தக் கணக்கு அலுவலகத்தில் இந்தக் கூட்டலை ஒத்துக்கொள்வார்கள்?

ஆனாலும் அவர் வீரர். தொட்டி இருக்கிறது. செடி இருக்கிறது. பந்தயத்தில் ஜெயித்தது அவர்தான், முப்பது சாட்சிகள். டி.வி. வரட்டும். அதை அவர் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

சாய்வு நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து மூலையில் போட்டார். டி.வி.க்கு முதுகைக் காட்டி, தொட்டிக்கு முகத்தைக் காட்டி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க படம் பாக்கலையா?" என்றாள் அந்தோணியம்மாள்.

"எனக்குச் செடி போதும்" என்றார் கம்பீரமாக.

ஒன்றரை மணிக்கு அன்றைய தமிழ்ப் படம் ஆரம்பித்தது. ஹாலில் மூச்சு சத்தம்கூட இல்லை. ஹெர்பர்ட் நேராகத் தொட்டியையே பார்த்தார். இலைகளுக்கு நடுவே என்னவோ அசைந்தது. மீன் இல்லை. கிரிப்டோகோரைனுக்கு முன்னால், கண்ணாடியில், ஒரு மாமியார் மருமகளை அதட்டிக்கொண்டிருந்தாள். ஃபெர்னுக்குப் பக்கத்தில் கதாநாயகன் பஸ்ஸைவிட்டு இறங்கினான். துல்லியமாக, கலங்காமல், முழுப் படமும் தொட்டியின் கண்ணாடியில் ஓடியது. அத்தனை நல்ல இருட்டு.

கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். மருமகள் என்ன பதில் சொல்கிறாள் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடலாம்.

இடைவேளைக்குச் சற்று முன்னால், மாவு மூட்டைக்குள் ஒளிந்த மாமனார் தும்மினார். முப்பது பேரும் சிரித்தார்கள். ஹெர்பர்ட் கொஞ்சம் முந்திக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

மில்ட்ரெட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கண்ணாடியில பாத்தா இடமெல்லாம் வலமாத்தான் தெரியும். நாற்காலிய இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு நேரா பாருங்க" என்றாள்.